சைலன்சர் மாற்றுகிறாயாமே

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் வந்து பத்து நாளாயிற்று. முதுகுவலியால் உட்கார்ந்து எழுத முடியவில்லை, இப்போது தேவலை. மகளுக்கு வேலை கிடைத்ததை இரண்டே வரியில் முடித்துவிட்டு உன் காரின் சைலன்சரை மாற்றப்போவதைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருக்கிறாயே, நீ திருந்தவே மாட்டாய்டா.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உனக்கு வேண்டியது வேகமா, சத்தமா? உண்மையைச் சொல். உன்னுடையது டர்போ, அதாவது புகையின் விசையில் டர்பைன் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் கருவி, இல்லாத ஒன்றரை லிட்டர் எஞ்சின். அதில், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் குழாயையும், சத்தத்தை அடக்கும் மஃப்ளரையும் மட்டும் மாற்றினால் ஏதோ சில குதிரைத் திறன் கூடும், ஓட்டுகிறவனுக்கு அது தெரியக்கூடத் தெரியாது. சத்தம் ஏறியதால் வண்டி பறக்கிற மாதிரி ஒரு பிரமை வரும், அவ்வளவுதான். டர்போ இருந்தால் கதை வேறு, வெளியேறும் வழியில் தடை குறைந்தால் டர்பைன் சீக்கிரம் சுழலும், அதற்கும் எஞ்சினை நடத்தும் கணினியான ஈசியூவை டியூன் செய்தால்தான் முழுப் பலன். உன் வண்டியில் அது இல்லை. ஆக, சத்தத்துக்காகத்தான் என்று ஒப்புக்கொள், இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது, எனக்கும் அதே ஆசைதானே இருந்தது.

நீ கேட்ட இரண்டரை அங்குலக் குழாய் வேண்டாம். அவ்வளவு சின்ன எஞ்சினுக்கு இரண்டு போதும், மிஞ்சினால் இரண்டே கால். குழாய் அளவுக்கு மீறிப் பெருத்தால் புகையின் வேகம் குறைந்து, முன்னால் போகிற புகை பின்னால் வருவதை இழுத்துக்கொண்டு போகிற அந்தச் சௌகரியம் கெட்டுவிடும், கீழ் ஆர்பிஎம்மில், அதாவது எஞ்சின் நிமிடத்துக்குக் குறைந்த சுற்று சுற்றும்போது, வண்டி மந்தமாகும். எஞ்சினுக்கு பேக் பிரஷர், அதாவது புகை வெளியேறுவதைத் தடுக்கும் எதிர் அழுத்தம், அவசியம் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடு. உதவுவது புகையின் வேகம், அடைப்பு அல்ல.

இனி நான் பட்ட பாடு. பழைய வண்டிக்கு, நடுவில் முழக்கத்தை அடக்கும் ரெசனேட்டர் என்ற உருளையே இல்லாத ஒன்றை வாங்கி மாட்டினேன். நின்ற இடத்தில் உறுமியபோது அப்படி ஒரு பூரிப்பு! நெடுஞ்சாலையில் ஏறியதும்தான் வினை. நாலு சிலிண்டர் எஞ்சின் 2400 ஆர்பிஎம்மில் நொடிக்கு 80 தடவை வெடிக்கிறது, அந்தத் தாழ்ந்த முழக்கம் காரின் உட்கூட்டோடு ஒத்து அதிர ஆரம்பித்தால் காதில் பஞ்சு வைத்தாலும் நெஞ்சுக்குள் கேட்கும். நான் போகிற சீரான வேகத்துக்குச் சரியாக அதே ஆர்பிஎம். மூன்று மணி நேரம் ஓட்டிவிட்டு இறங்கினால் தலை விண்விண் என்று தெறித்தது. மூன்றே மாதத்தில் கழற்றிவிட்டேன். அதனால் ரெசனேட்டர் உள்ளதாகப் பார். கடைக்காரன் வாசலில் நிறுத்தி முறுக்கிக் காட்டுவதை நம்பாதே, அதையே மாட்டிய ஒரு வண்டியில் ஏறி, டாப் கியரில் நீ வழக்கமாகப் போகும் வேகத்தில் அரை மணி நேரமாவது போய்ப் பார். பின் சீட்டிலும் உட்கார்ந்து பார், மஃப்ளர் அந்தப் பக்கம்தானே இருக்கிறது.

அப்புறம், கையோடு ஒரு காந்தம் கொண்டு போ. 304 ரகத் துருப்பிடிக்காத எஃகில் காந்தம் அநேகமாக ஒட்டாது, 409-ல் ஒட்டும். 409 மேலாகத் துருவேறினாலும் பல வருடம் தாங்கும், மோசமில்லை, ஆனால் 304 ரகத்துக்கான விலை கொடுத்து அதை வாங்காதே. வளைவுகளையும் தடவிப் பார், உள்பக்கம் நசுங்கியிருந்தால் அங்கேயே வழி குறுகிவிடும்.

கன்வெர்ட்டரைக் கழற்றலாம் என்று எழுதியிருந்தாயே, அந்தப் பேச்சே வேண்டாம். பின்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் கண்டுபிடித்து எஞ்சின் விளக்கை எரியவிடும், புகைச் சோதனையில் தேறாது, நாற்றம் வேறு. சத்தத்துக்கு உங்கள் ஊரில் எவ்வளவு அனுமதி என்பதையும் வாங்குவதற்கு முன்பே கேட்டு வை.

கழற்றுகிற பழைய சைலன்சரைத் தூக்கி எறிந்துவிடாதே, பரணில் போடு. நான் எறிந்துவிட்டு, திரும்ப ஒன்று வாங்க அலைந்தேன்.

எதை வாங்கினாய் என்று எழுது, மகளின் வேலையைப் பற்றியும் இந்த முறை ஒரு பக்கமாவது எழுது.

உன் பழைய பெஞ்சுக்காரன்