பழைய ஃபைலைத்தானே படிக்கும்?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆள் எடுக்கும் வேலையைக் கம்ப்யூட்டரிடம் விட்டுவிட்டால் ஆண், பெண் பாகுபாடு தானாகப் போய்விடும் என்ற கருத்தை உங்கள் நாளிதழில் படித்தேன். அவ்வளவு சுலபமில்லை.

கோவையில் ஒரு பம்ப்செட் கம்பெனியின் பணியாளர் பிரிவில் 22 வருடம் வேலை பார்த்தவள் நான். இன்டர்வியூ அறையில் என் நாற்காலி கதவோரம். பையன்கள் வந்தால் வைண்டிங், டெஸ்டிங் என்று கேள்வி போகும். பெண் வந்து உட்கார்ந்தால், "எந்த ஊரும்மா? கல்யாணம் ஆயிடுச்சா? குழந்தையை யார் பார்த்துக்குவாங்க?" பத்து நிமிடம் அதிலேயே ஓடிவிடும். அப்புறம் தாளில் எழுதுவார்கள்: "டெக்னிக்கல் அறிவு போதாது." கேட்டால்தானே தெரியும்! நானும் அப்படிக் கேட்டவள்தான். அக்கறையில் கேட்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அமெரிக்காவில் 127 அறிவியல் பேராசிரியர்களிடம் ஒரே விண்ணப்பத்தைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2012-ல் வெளிவந்தது. சிலருக்குப் போனதில் பெயர் ஜான், மற்றவர்களுக்குப் போனதில் ஜெனிஃபர். ஜானின் விண்ணப்பத்தைப் பார்த்தவர்கள் சராசரியாக ஆண்டுக்கு 30,000 டாலருக்கு மேல் சம்பளம் தரலாம் என்றார்கள்; ஜெனிஃபருடையதைப் பார்த்தவர்கள் சுமார் 26,500 போதும் என்றார்கள். பெண் பேராசிரியர்களும் அதேதான். படித்தபோது எனக்குக் கதவோர நாற்காலி ஞாபகம் வந்தது.

அதற்குப் பிறகு நாங்கள் செய்தது ஒரு தாள், அவ்வளவுதான். யார் வந்தாலும் அதே ஆறு கேள்வி, அதே வரிசை. பதில் முடிந்த கையோடு மார்க். எல்லோரும் போட்டு முடிக்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. இந்தக் கடைசி விதிக்குத்தான் ஏகப்பட்ட முணுமுணுப்பு. அதுவரை இன்டர்வியூ எடுப்பவர்களில் பெரியவர் உதட்டைப் பிதுக்கினால் போதும், மற்ற மூன்று பேனாவும் அவர் பக்கம் சாய்ந்துவிடும்.

கம்ப்யூட்டர் விஷயத்துக்கு வருகிறேன். அமேசான் நிறுவனம் பயோடேட்டாக்களைத் தரம் பிரிக்க ஒரு மென்பொருளைத் தயாரித்துப் பார்த்துக் கைவிட்டது; 2018-ல் செய்தி வெளியானது. பத்தாண்டு விண்ணப்பங்களைக் கொடுத்துப் பழக்கியிருந்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. அதனால் 'மகளிர்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் வந்தாலே மதிப்பைக் குறைக்கப் பழகிக்கொண்டது. நம் ஊரில் எத்தனை பெண்களின் பயோடேட்டாவில் 'மகளிர் கல்லூரி' இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

நான் ஓய்வு பெறும் சமயத்தில் எங்கள் கம்பெனிக்கும் அப்படி ஒரு மென்பொருள் விற்க ஒரு தம்பி வந்தார். எங்கள் பழைய ஃபைல்கள் எல்லாவற்றையும் கேட்டார். "டெக்னிக்கல் அறிவு போதாது என்று எழுதிய தாளெல்லாம் அதில் இருக்கிறதே, என்ன செய்வீர்கள்?" என்றேன்.

"அதெல்லாம் மெஷின் பார்த்துக்கும் மேடம்" என்றார்.

– ஓய்வுபெற்ற பணியாளர் பிரிவு அலுவலர்,
சிங்காநல்லூர், கோவை.