நோயாக இருந்து ஆடும் விளையாட்டு

கானாடுகாத்தான்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பினாங்கில் அனைவரும் நலம் என்று அறிந்து மகிழ்ந்தேன். இங்கும் யாவரும் நலமே.

விடுமுறைக்கு வந்திருக்கும் பேரன் எனக்குக் கற்றுக்கொடுத்த ஒரு கணினி விளையாட்டைப் பற்றி உனக்கு எழுதியே ஆக வேண்டும். ஜேம்ஸ் வாகன் என்பவர் உருவாக்கி 2012-இல் வெளிவந்த 'பிளேக் இன்க்' என்பது அதன் பெயர். அதில் நாம் மருத்துவர் அல்லர், நாமே கொள்ளைநோய். ஏதேனும் ஒரு நாட்டில் தொடங்கி, சேரும் புள்ளிகளைக் கொண்டு பரவும் வழிகளையும் அறிகுறிகளையும் வாங்கி, ஆய்வகங்கள் மருந்து கண்டுபிடிப்பதற்குள் உலக மக்கள் அனைவரையும் பிடித்து அழித்துவிட வேண்டும். ஆடுபவர்களே புதிய களம் அமைத்துக்கொள்ளவும் அதில் வசதி உண்டு. பேரனும் அவன் தோழர்களும் அமைத்த களத்தில் கிருமிக்குப் பதிலாகச் சமூக ஊடக அடிமைத்தனமே நோய்.

இந்த ஆட்டத்தில் தேர்ந்தவர்கள் முதலில் அறிகுறி காட்டாமல்தான் பரவுவார்கள். தானாக ஓர் அறிகுறி முளைத்தால்கூட அதை உடனே நீக்கிவிடுவார்கள். ஏனென்றால் கடுமை தெரிந்துவிட்டால் உலகம் விழித்துக்கொண்டு மருந்து தேடத் தொடங்கிவிடும். சமூக ஊடக நோய்க்கோ அந்தக் கவலையே இல்லை. தூக்கம் கெட்டாலும் கவனம் சிதறினாலும், பிடிபட்டவர் அதைப் பொழுதுபோக்கு என்றே சொல்கிறார். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் விளையாட்டு அடிமைத்தனத்துக்கு இடம் கிடைத்து அது 2022-இல் நடைமுறைக்கும் வந்துவிட்டது. சமூக ஊடகத்துக்கு அப்படி ஒரு தனி இடம் இன்னும் இல்லை.

மூல விளையாட்டில் கிரீன்லாந்து துறைமுகத்தை மூடிவிட்டால் நோய்க்கு உள்ளே போக வழியில்லை; அதனால் தோற்றவர்கள் ஏராளம். வாழ்க்கையில் நடந்ததைப் பார். 2020 ஜூன் இறுதியில் நம் நாடு டிக்டாக்கைத் தடைசெய்தது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராமின் ரீல்ஸ் இங்கே வந்து சேர்ந்தது. தடைக்கான காரணம் வேறு என்றாலும், பழக்கம் ஒரு நாள்கூடப் பட்டினி கிடக்கவில்லை. 2006-இல் அசா ராஸ்கின் என்ற கணினி வடிவமைப்பாளர் உருவாக்கிய, முடிவே இல்லாமல் கீழே உருண்டுகொண்டிருக்கும் பக்கத்தை நான் பெரிதும் நினைத்துக்கொள்கிறேன். பக்கத்துக்குக் கீழே முடிவாக ஓர் அடி இருந்தவரை, போதும் என்று எழுந்திருக்க ஓர் இடம் இருந்தது. அவரே பின்னாளில் அதற்காக வெளிப்படையாக வருந்தியிருக்கிறார்.

சென்ற மாதம் எங்கள் வீட்டில் முன்னோரை வழிபடும் படைப்புக்குச் சிங்கப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் பங்காளிகள் வந்திருந்தார்கள். நம் வீடுகளின் சுவர்க் கனம் உனக்குத் தெரியுமே, உள்ளே இரண்டாம் கட்டுக்குச் சிக்னல் எட்டாது. ஆகவே பிள்ளைகள் எல்லோரும் முகப்பிலேயே இருந்துவிட்டார்கள். உள்முற்றமான வளவில் இலை போட்டு, ஆச்சி இருமுறை கூப்பிட்ட பிறகு வந்த ஒரு சிறுமியின் கட்டைவிரல், படம் நின்றுபோன திரையின் மேல் அப்போதும் மேலும் கீழும் போய்க்கொண்டே இருந்தது. அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனம் சரியில்லை.

ஒன்றை மட்டும் அந்த விளையாட்டு காட்டவில்லை. எந்த நோய்க்கிருமியும் நமக்கு நன்மை செய்வதில்லை. இந்தத் தொலைபேசியோ கடல்கடந்து பிறந்த கொள்ளுப்பேரனின் முகத்தை ஆச்சிக்கு அன்றே காட்டிவிட்டது. மருந்து கண்டுபிடிப்பது இங்கே கடினமாவது அதனால்தான் என்று நான் எண்ணுகிறேன். நன்மையை வைத்துக்கொண்டு பிடியை மட்டும் தளர்த்த வேண்டியிருக்கிறது.

பேரனிடம் நோயின் பக்கம் விட்டு மருந்தின் பக்கம் ஒரு களம் அமைக்கச் சொல்லியிருக்கிறேன். பக்கத்துக்கு மறுபடியும் ஓர் அடி வைப்பதை முதல் மருந்தாகச் சேர்த்திருக்கிறான். உன் பேத்திக்கும் அனுப்பச் சொல்கிறேன். அவள் ஆடிவிட்டு, எந்த மருந்தை முதலில் வாங்கினாள், ஏன் வாங்கினாள் என்று அவள் கையாலேயே எனக்கு எழுதச் சொல்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்