டிக்கெட் விலை கேட்டாயே, அதற்குப் பதில்

அம்மாடி,

போனில் நீ கேட்டபோது சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. ஒரு பக்கம் குக்கர் விசில், இன்னொரு பக்கம் உன் அம்மா. சென்னையில் திருப்போரூர் பக்கத்தில் திறந்திருக்கும் வொண்டர்லா தீம் பார்க்குக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாம் என்று மாப்பிள்ளை சொன்னதும், நாலு டிக்கெட், சாப்பாடு, பெட்ரோல் எல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டு "ராட்டினம் சுத்துறதுக்கு இவ்வளவாப்பா?" என்றாய். ராட்டினம்தான், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் பெங்களூர் பீன்யா பட்டறைகளில் இத்தனை வருடம் இரும்போடு மல்லுக்கட்டிய ஒருவனிடம் இதைக் கேட்டால் பதில் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்.

நம் ஸ்ரீராம்புரம் வீட்டில் டிவிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டெபிலைசர் இருக்குமே, கரண்ட் ஏறி இறங்கும்போதெல்லாம் டிக் டிக் என்று சத்தம் போடும், அந்த மாதிரிப் பெட்டிகளை விற்ற காசில் முளைத்ததுதான் இந்த பார்க். கொச்சவுசேப் சிட்டிலப்பிள்ளி 1977-ல் அப்பாவிடம் ஒரு லட்ச ரூபாய் வாங்கி, இரண்டே ஆட்களை வைத்துக்கொண்டு கொச்சியில் வி-கார்ட் ஸ்டெபிலைசர் கம்பெனியைத் தொடங்கினார். பின்னாளில், 2011-ல், முன்பின் தெரியாத ஒருவருக்குத் தன் சிறுநீரகத்தில் ஒன்றைக் கொடுத்தாரே, அதே மனிதர்தான். அந்த வி-கார்ட் காசுதான் 2000-ல் கொச்சிக்குப் பக்கத்தில் பள்ளிக்கரையில் வீகாலாண்ட் ஆனது. இப்போது அதற்கும் வொண்டர்லா என்றுதான் பெயர்.

இந்தத் தொழிலில் அவர் முதல் ஆள் இல்லை. டெல்லி பிரகதி மைதானத்தில் அப்பு கர் 1984-லேயே வந்துவிட்டது, 82 ஆசிய விளையாட்டுப் போட்டியின் சின்னமான யானைக்குட்டியின் பெயரில். மும்பை கோராயில் எஸ்ஸெல் வேர்ல்டு 1989-ல் வந்தது. தாம்பரத்தில் நவோதயா அப்பச்சன், நம் நாட்டில் முதல் 3டி படம் எடுத்தவர், 1995-ல் கிஷ்கிந்தா தொடங்கினார். ஈசிஆரில் விஜிபி அதற்கெல்லாம் முன்னாலேயே இருந்தது. அங்கே அசையாமல் நிற்கும் சிலை மனிதனைச் சிரிக்க வைக்க உன் மாமா என்னென்னவோ செய்து பார்த்தாரே, நினைவிருக்கிறதா?

இதை ஏன் வரிசையாகச் சொல்கிறேன் என்றால், அப்பு கர் 2008-ல் மூடப்பட்டது, எஸ்ஸெல் வேர்ல்டு 2022-ல் மூடப்பட்டது. தீம் பார்க் தொடங்குவதை விட அதை இருபது வருடம் நடத்துவதுதான் கஷ்டம். அப்பு கர் இருந்த இடம் ஊருக்கு நடுவில், உச்ச நீதிமன்றத்துக்கு எதிரே. அப்படிப்பட்ட நிலம் எத்தனை நாளைக்கு ராட்டினத்துக்கு என்றே கிடக்கும்? நீ கொடுக்கும் டிக்கெட்டுக்குப் பின்னால் இந்தப் பயமும் இருக்கிறது.

கொச்சிக்காரர்கள் பெங்களூர் வந்தபோது அதனால்தான் ஊருக்குள் இடம் தேடவில்லை என்று நினைக்கிறேன். மைசூர் ரோட்டில், இங்கிருந்து சுமார் 28 கிலோமீட்டர் தள்ளி, பிடதியில் 82 ஏக்கர். 2005-ல் திறந்தார்கள். அப்போது பிடதி என்றால் எங்களுக்கு டொயோட்டா ஃபேக்டரியும் தட்டு இட்லியும்தான். "அவ்வளவு தூரம் யார் போவார்கள்" என்று எங்கள் பட்டறையில் சிரித்தவர்கள் உண்டு. யார் போனார்கள்? ஓசூர், கிருஷ்ணகிரி, சேலத்திலிருந்து ஸ்கூல் பஸ்கள் விடியற்காலையிலேயே கிளம்பி வந்தன. ஐடி கம்பெனிகள் வேலைநாளிலேயே ஆட்களை வண்டி வைத்துக் கூட்டிப் போயின. இப்போது பர்ப்பிள் லைன் மெட்ரோ சல்லகட்டா வரை போகிறது, அங்கிருந்து பிடதி ஒன்றும் தூரமில்லை. ஊரே அவர்கள் பக்கமாக நகர்ந்து வந்துவிட்டது.

எனக்குப் பிடித்த சங்கதி வேறு. இவர்கள் எல்லா ரைடையும் வெளிநாட்டில் வாங்கவில்லை, பலவற்றைக் கொச்சியில் தங்கள் சொந்தப் பட்டறையிலேயே செய்தார்கள். ஸ்டெபிலைசர் செய்து பழகிய கை அல்லவா, விலைக்கு வாங்குவதற்கு முன்னால் நாமே செய்தால் என்ன என்றுதான் யோசிக்கும். இறக்குமதி வரி மிச்சம் என்பது ஒன்று, அதை விடப் பெரியது, எந்த போல்ட் எங்கே இருக்கிறது என்று உள்ளே இருக்கும் ஆளுக்கே தெரியும், பார்ட் கெட்டுப்போனால் ஐரோப்பாவிலிருந்து பெட்டி வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரு ஃபிட்டராக எனக்கு இதில் பொறாமைகூட உண்டு.

சரி, ரோலர் கோஸ்டருக்கு வருகிறேன். மேலே ஏறும்போது டக டக டக என்று ஒரு சத்தம் வருமே, அதைக் கேட்டாலே உனக்கு வயிற்றைக் கலக்கும், அது பயமுறுத்த வைத்த சத்தம் இல்லை. இழுத்து ஏற்றும் சங்கிலி அறுந்தாலும் வண்டி பின்னால் உருளாமல் இருக்க, பல் பல்லாக வைத்த பட்டையில் ஒரு கொக்கி விழுந்து விழுந்து ஏறும் சத்தம். உச்சிக்குப் போனதும் சங்கிலி விட்டுவிடும், அப்புறம் எஞ்சின் கிடையாது, மோட்டார் கிடையாது, ஏறிய உயரம்தான் கடைசி வரை தள்ளிக்கொண்டு போகும். சக்கரமும் ஒரு வரிசை இல்லை. பைப் தண்டவாளத்துக்கு மேலே ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, அடியில் ஒன்று என்று மூன்று பக்கமும் கவ்விப் பிடித்திருக்கும், அதனால்தான் தலைகீழாகப் போனாலும் கழன்று விழுவதில்லை. அந்தச் சக்கரத்தின் மேல் சுற்றியிருக்கும் பாலியூரித்தேன், ரப்பர் மாதிரி ஒன்று, தேயும், அதை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

காலையில் கேட் திறப்பதற்கு முன்னால் ஒவ்வொரு ரைடையும் ஆள் இல்லாமல் ஓட்டிப் பார்க்க வேண்டும். வெல்டிங் போட்ட இடங்களில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்திருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க நாங்கள் பீன்யாவில் இப்படிச் செய்வோம்: சுத்தமாகத் துடைத்து, சிவப்புச் சாயத்தைப் பூசிக் கொஞ்ச நேரம் விட்டு, மறுபடி துடைத்து, மேலே வெள்ளை டெவலப்பரை அடித்தால் விரிசல் இருக்கும் இடத்தில் சிவப்புக் கோடு தானாக எழுந்து வரும். தலைமுடி அளவுக் கோடுதான், ஆனால் அதைப் பார்த்தால் வண்டியை நிறுத்தியே ஆக வேண்டும். நீ போகும் அன்று ஏதாவது ஒரு ரைடு "பராமரிப்புக்காக நிறுத்தம்" என்று போர்டு மாட்டியிருந்தால் கோபப்படாதே. போர்டே மாட்டாத பார்க்கைப் பார்த்துத்தான் நான் பயப்படுவேன்.

தண்ணீர் கதை இன்னும் பெரிது. அலை அடிக்கும் வேவ் பூலும் சறுக்குக் குழாய்களும் எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்று யோசித்துப் பார், நம் ஊரில் கோடையில் லாரித் தண்ணீருக்கே நாயாய் அலைகிறோம். பிடதியில் மழைநீரைச் சேர்த்து வைத்து, ஊற்றிய தண்ணீரையே வடிகட்டித் திரும்பத் திரும்ப ஓட விட்டுத்தான் சமாளிக்கிறார்கள். நைலான் துணி போட்டால்தான் தண்ணீருக்குள் விடுவோம் என்று சொல்வது உனக்கு எரிச்சலாக இருந்தது அல்லவா? பருத்தித் துணி நூல் விடும், அந்த நூல் போய் ஃபில்டரை அடைக்கும். சேலையும் வேட்டியுமாக இறங்க விட்டால் பம்ப் ரூம்காரன் கதி அதோகதி.

இனி காசு. ஏப்ரல், மே, பூஜை விடுமுறை, டிசம்பர் கடைசி, இந்த நாட்களில் நிற்க இடம் இருக்காது. ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை மழையில் போய்ப் பார், ரைடு ஆபரேட்டர் உன்னைப் பார்த்துச் சந்தோஷப்படுவான். ஆனால் அன்றைக்கும் தண்ணீரில் காவலுக்கு நிற்கும் அதே ஆட்கள், அதே பம்ப், அதே சம்பளம். கல்யாண மண்டபம் மாதிரிதான், முகூர்த்த நாள் சம்பாத்தியத்தில் ஆடி மாதத்தைத் தள்ள வேண்டும். 2020-ல் கொரோனா வந்து மாதக்கணக்கில் பூட்டியே கிடந்தது, ஒரு டிக்கெட்கூட விற்காமல் இரும்பைத் துரு பிடிக்காமல் பார்த்துக்கொள்வது எப்படிப்பட்ட செலவு என்று எனக்குத் தெரியும். அப்புறம் ஜனங்கள் திரும்பி வந்தார்கள் பார், 2022-23-ல் கொச்சி, பெங்களூர், ஹைதராபாத் மூன்று பார்க்கும் சேர்த்து 33 லட்சம் பேருக்கு மேல்.

இதற்கு நடுவில் வரி. 2015 ஜூனில் பார்க் டிக்கெட்டுக்குச் சேவை வரி வந்தது. 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது 28 சதவீதம் போட்டார்கள், ஏதோ பிள்ளைகள் சூதாடப் போகிற மாதிரி. 2018 ஜனவரியில் 18 ஆகக் குறைத்தார்கள். தமிழ்நாட்டில் அதற்கு மேல் உள்ளாட்சிக் கேளிக்கை வரி 10 சதவீதம். உங்கள் சென்னை பார்க்குக்கு நிலம் வாங்கிப் போட்டும் வருடக்கணக்காக வேலை தொடங்காமல் கிடந்ததற்கு அந்த வரிதான் பெரிய காரணம், அதிலிருந்து விலக்கு கிடைத்த பிறகுதான் கட்டினார்கள். அதற்குள் ஹைதராபாத் முந்திக்கொண்டது. 2014-ல் பங்கு ஒன்று 125 ரூபாய் என்று வெளியிட்டு 181 கோடி திரட்டி, அந்தப் பணத்தில் 2016-ல் அங்கே திறந்தார்கள். 2024-ல் புவனேஸ்வர். 2025 டிசம்பரில்தான் திருப்போரூர் பக்கத்தில் உங்கள் இள்ளலூர், 611 கோடி செலவில். இப்போது பொறுப்பில் இருப்பவர் கொச்சவுசேப்பின் மகன் அருண்.

இருபத்தைந்து வருடத்தில் ஐந்தே ஐந்து பார்க். இந்தக் காலத்தில் ஒரு பிரியாணிக் கடைக்காரன்கூட இரண்டு வருடத்தில் இருபது கிளை திறந்துவிடுகிறான். ஐந்து என்பது எனக்குச் சரியான கணக்காகத்தான் படுகிறது, ஏனென்றால் ராட்டினக்காரன் அவசரப்பட்டால் விலை கொடுப்பது உன் பிள்ளையும் என் பேரனும்.

இள்ளலூரில் தஞ்சோரா என்று ஒரு கோஸ்டர் வைத்திருக்கிறார்கள், சுவிட்சர்லாந்தின் பொலிகர் அண்ட் மாபில்லார்டு கம்பெனி செய்தது. தண்டவாளம் தலைக்கு மேலே, நாம் அடியில் கால் தொங்கப் போகிற வகை, அவர்கள் செய்ததில் இந்தியாவுக்கு வந்த முதலாவது அதுதான். அவர்களுடைய வெல்டிங்கைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. ஏறுவேனா என்று கேட்காதே, பி.பி. மாத்திரை போடுகிறவனை ஏற விடவும் மாட்டார்கள். கீழே நின்று சக்கரத்தைப் பார்த்தால் போதும்.

எல்லாம் சொன்னாலும் நீ கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. பொதுவாகவே இந்த பார்க்குகளில் வெளியே இருந்து சாப்பாடு கொண்டுவரக் கூடாது என்று தடுத்துவிட்டு, உள்ளே ஒரு தட்டு சாதத்துக்கு அவர்கள் போடும் விலையை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. இரும்புக்குக் காசு கேள், தண்ணீருக்குக் கேள், கொடுக்கலாம், புளியோதரைக்கு எதற்கு? ஒரு சாதாரண வாட்ச்மேன் தன் இரண்டு பிள்ளைகளையும் வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு போக வருடம் முழுக்கச் சேர்க்க வேண்டியிருக்கிறது. அதற்கு வரியைக் காரணம் சொல்லலாம், ஸ்டீல் விலையைச் சொல்லலாம், எனக்கு மனசு ஆறவில்லை.

அதனால் இப்படிச் செய். சனி ஞாயிறு வேண்டாம், க்யூவிலேயே பாதி நாள் போய்விடும். பள்ளி திறந்த பிறகு வேலைநாள் ஒன்றில் ஒரு நாள் லீவு போடு, ஆன்லைனில் முன்கூட்டியே எடு. காலையில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வெயில் ஏறுவதற்கு முன்னால் பெரிய ரைடுகள், மத்தியானத்துக்கு மேல் தண்ணீர், மாற்றுத்துணி இரண்டு செட். பிள்ளைகளுக்கு டிக்கெட்டை வயதைப் பார்த்துப் போடுவதில்லை, உயரத்தைப் பார்த்துப் போடுகிறார்கள், 140 சென்டிமீட்டர் தாண்டினால் பெரியவர் டிக்கெட், பெரிய கோஸ்டரில் ஏற்றவும் அந்த உயரம் வேண்டும். பெரியவளைச் சுவரோரம் செருப்பில்லாமல் நிறுத்தி அளந்து வாட்ஸ்அப்பில் போடு. 140-க்கு ஒரு விரல் குறைவாக இருந்தால் இரண்டு மாதம் தள்ளிப் போடலாம், இல்லாவிட்டால் தஞ்சோராவுக்குக் கீழே என்னோடு நின்று அழுவாள். தேதி முடிவானதும் சொல், நாங்கள் முதல் நாளே பஸ் பிடித்து வந்துவிடுகிறோம், உன் அம்மா இப்போதே சிக்பேட்டையில் நைலான் சுடிதார் விலை விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.

அப்பா