விதி வரும், ஆர்டர் வருமா?

திருச்சி

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. மங்கைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் இங்கே எல்லோருக்கும் நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல். அவள் மறந்தாலும் நீ மறக்காதே. எங்கள் பெரியவன் ஓசூரில் வேலை மாறிவிட்டான். சம்பளம் கூடுதல், தூக்கம் குறைச்சல் என்கிறான். என் முழங்கால் பழைய கதைதான், மாடிப்படி ஏறும்போது மட்டும் ஞாபகப்படுத்தும்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஆலைப் புகையை அளக்கிற விதிகளை இறுக்கப் போகிறார்கள், அதனால் கருவி செய்கிற கம்பெனிகளின் ஷேர் ஏறும், இப்போதே வாங்கிப் போடலாம் என்று உன் புரோக்கர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். பென்ஷன் பணத்தில் கை வைக்கப் போகிறாய் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

சிமென்ட் ஆலையில் நான் இன்ஸ்ட்ருமென்டேஷன் பார்த்த காலத்தில் இந்தக் கருவிகளோடுதான் குடித்தனம். சிம்னியின் பாதி உயரத்தில் இரும்புத் தட்டு மேடை ஒன்று இருக்கும். அங்கே துளை போட்டு ஒரு குழாயை உள்ளே நீட்டியிருப்பார்கள், அதன் முனையில் பீங்கான் வடிகட்டி. உறிஞ்சிய புகை கீழே அனலைசர் அறைக்கு வருகிற குழாயை ஏறத்தாழ 180 டிகிரி சூட்டிலேயே வைத்திருக்க வேண்டும். சூடு குறைந்தால் ஈரம் வேர்த்து, கந்தக டை ஆக்சைடு அதில் கரைந்து, அளவு குறைவாகக் காட்டும். தூசி அளக்கிற கருவிக்கு ஒரு கண்ணாடி உண்டு. அதில் தூசி படியாமல் ஒரு சின்ன புளோயர் காற்று ஊதிக்கொண்டே இருக்கும். அந்த புளோயர் நின்றால் கண்ணாடி மங்கி, ஆலை சும்மா இருந்தால்கூடத் தூசி எகிறியதாகக் காட்டும். உடனே போன் அடிக்கும். கருவி வாங்கியது ஒரு முறைதான், அதைப் பிழைக்க வைத்தது வருஷம் முழுக்க. இதை மனதில் வைத்துக்கொள், பின்னால் வேண்டியிருக்கும்.

தமிழ்நாட்டுக்கு இது புதிதும் இல்லை. கிண்டியில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கேர் ஏர் சென்டர் இருக்கிறதே, நாடு முழுக்க உத்தரவு வருவதற்கு முன்பே இங்குள்ள பெரிய ஆலைகள் அதற்கு அளவுகளை அனுப்பிக்கொண்டிருந்தன. மத்திய வாரியம் 2014 பிப்ரவரியில்தான் சிமென்ட், அனல்மின், சர்க்கரை, காகிதம், உரம் என 17 வகை ஆலைகளுக்கு இடைவிடாத ஆன்லைன் கண்காணிப்பைக் கட்டாயமாக்கியது. அப்போதும் இப்படித்தான் பேச்சு: கருவிக்காரர்களுக்கு யோகம் என்று. ஆர்டர் வந்தது உண்மை. ஆனால் எந்தக் கருவி, எப்படிப் பொருத்துவது, எப்படிச் சரிபார்ப்பது என்ற விரிவான வழிகாட்டி 2017-இல்தான் வந்தது, அதற்குத் திருத்தம் 2018-இல். நடுவில் இருந்த வருஷங்களில் பல ஆலைகளில் கொள்முதல் பிரிவு மூன்று கொட்டேஷன் வாங்கி, இருப்பதிலேயே மலிவானதை மாட்டிவிட்டது. நல்ல கருவி செய்தவனுக்கு விலைப் போட்டி, மலிவாக இறக்குமதி செய்தவனுக்கு லாபம். விதி வந்த வருஷமே நல்ல கம்பெனி சம்பாதிக்கும் என்று யார் சொன்னாலும் எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

அப்புறம், யாருடைய ஷேரை வாங்குவாய்? ஆலை ஆலையாகப் போய்ப் பார்த்தால் சிம்னியில் தொங்குகிற பெயர்கள் தெரியும். ஜெர்மனியின் சிக், பிரான்ஸின் என்வியா, புனேயின் ஃபோர்ப்ஸ் மார்ஷல். இதில் எதையும் நம் சந்தையில் வாங்க முடியாது. தெர்மோ ஃபிஷரை அமெரிக்கச் சந்தையில் வாங்கலாம்தான். ஆனால் 2024-இல் அதன் மொத்த விற்பனை ஏறத்தாழ 4,290 கோடி டாலர். அதில் பெரும்பங்கு மருந்து, உயிரியல் ஆய்வு, பரிசோதனைச் சாலை இவற்றிலிருந்து. காற்றளக்கும் கருவி அந்தக் கணக்கில் எந்த மூலை என்று பூதக்கண்ணாடி வைத்துத்தான் தேட வேண்டும். ஜப்பானின் ஹோரிபா புகையளவில் பெரிய பெயர், ஆனால் அதற்கு லாபம் கொட்டுவது செமிகண்டக்டர், அதாவது சிப், செய்கிற ஆலைகளுக்குப் போகிற கருவிகள். சிப் விற்பனை படுத்தால் அந்த ஷேரும் படுக்கும், சிம்னி விதி அதைக் காப்பாற்றாது.

காற்றளவையே பெரிய தொழிலாக வைத்துச் சந்தைக்கு வந்தவர்கள் சீனாவில் உண்டு. ஹாங்சோவின் ஃபோகஸ்டு ஃபோட்டானிக்ஸ் 2011-இலும், பெய்ஜிங்கின் எஸ்.டி.எல். 2012-இலும் பட்டியலுக்கு வந்தன. அங்கே அரசு கண்டிப்போடு மாட்டச் சொன்னது, இவர்களும் விற்றார்கள். ஆனால் மின்நிலையங்கள் எல்லாம் ஒருமுறை மாட்டி முடித்த பிறகு அடுத்த வாடிக்கையாளரைத் தேடி ஓட வேண்டியதாயிற்று. ஃபோகஸ்டு ஃபோட்டானிக்ஸ் 2021, 2022, 2023 மூன்று வருஷமும் நஷ்டக் கணக்கு காட்டியது. கண்டிப்பான விதி இருந்தும்!

எனக்கு இதைவிடப் பெரிய பாடம் நம் ஊர் அனல்மின் கதை. கருவி இல்லை, புகையைச் சுண்ணாம்புக்கல் கரைசலில் கழுவிக் கந்தகத்தைப் பிடிக்கிற பெரிய அமைப்பு. எஃப்.ஜி.டி. என்பார்கள். 2015 டிசம்பரில் சுற்றுச்சூழல் அமைச்சகம் விதி போட்டது, இரண்டே வருஷத்தில் எல்லா நிலக்கரி மின்நிலையங்களும் கந்தக அளவைக் குறைத்தாக வேண்டும் என்று. ஒரு மெகாவாட்டுக்கு ஏறத்தாழ 1.2 கோடி ரூபாய் செலவு என்று பின்னால் கணக்குச் சொன்னார்கள். 500 மெகாவாட் அலகு ஒன்றுக்கே 600 கோடி. நாடு முழுக்க 500-க்கும் மேற்பட்ட அலகுகள். பெல், தெர்மாக்ஸ், ஜி.இ. பவர் இந்தியா, இஸ்ஜெக் என்று அதைக் கட்டித் தருகிற கம்பெனிகள் எல்லாம் ஆர்டருக்கு வரிசையில் நின்றன. அந்தக் காலத்து கான்கால்களில், அதாவது கம்பெனிக்காரர்கள் முதலீட்டாளர்களோடு போனில் பேசுகிற கூட்டங்களில், எஃப்.ஜி.டி. என்ற சொல் வராத பக்கம் இருக்காது.

நடந்தது என்ன? 2017 என்பது 2022 ஆனது. 2021-இல் ஊரையும் மாசையும் பார்த்து மின்நிலையங்களை ஏ, பி, சி என மூன்றாகப் பிரித்தார்கள். கெடு மறுபடி நகர்ந்தது, அப்புறம் இன்னொரு முறை. 2025 ஜூலையில் மொத்தமாக முடித்துவிட்டார்கள்: சி பிரிவு, அதாவது நூற்றில் ஏறத்தாழ 78 அலகு, எஃப்.ஜி.டி. போடவே வேண்டாம். பி பிரிவு ஒவ்வொன்றாகப் பார்க்கப்படும். தலைநகர்ப் பகுதிக்கும் பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்களுக்கும் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிற ஏ பிரிவு மட்டும் 2027 டிசம்பருக்குள் போட்டாக வேண்டும். நம் நிலக்கரியில் கந்தகம் குறைவு, காற்றில் கந்தக டை ஆக்சைடு வரம்புக்குள்தான் இருக்கிறது என்று ஆய்வுகளைக் காட்டினார்கள். அந்த வாதம் சரியா தப்பா என்று உன்னோடு மொட்டை மாடியில் உட்கார்ந்து ஒரு ராத்திரி சண்டை போடலாம். கந்தகம் காற்றில் நுண்தூசியாக மாறிப் பல நூறு கிலோமீட்டர் போகும் என்பதை அவர்கள் போதுமான அளவு பார்த்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் ஷேர்க்காரனுக்கு அந்தச் சண்டை தேவையில்லை. பத்து வருஷம் ‘வரப்போகிறது’ என்று விலையில் ஏற்றி வைத்த சந்தையில் முக்கால் பங்கை ஒரே ஓர் அரசிதழ் அறிவிப்பு எடுத்துவிட்டது, அது போதும்.

அமெரிக்காவிலும் இதே கூத்து உண்டு. 2024-இல் அவர்களுடைய சுற்றுச்சூழல் முகமை, எத்திலீன் ஆக்சைடு, குளோரோபிரீன் மாதிரி ஆறு ரசாயனங்களை ஆலை வேலியோரத்தில் அளக்க வேண்டும் என்று ரசாயன ஆலைகளுக்கு விதி போட்டது. மறு வருஷமே ஜனாதிபதி பல ஆலைகளுக்கு இரண்டு வருஷ விலக்குக் கொடுத்தார்.

இன்னொன்றும் உண்டு. 2015-இல் அங்கே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு பென்சீனை வேலியோரத்தில் அளக்க விதி வந்தது. பேரைக் கேட்டால் பெரிய பெரிய அனலைசர் விற்கும் என்று நினைப்பாய். கேட்டது விரல் அளவுக் குழாய்கள்தான்! வேலி நெடுக மாட்டி வைத்து, இரண்டு வாரம் கழித்துக் கழற்றி, பரிசோதனைச் சாலைக்கு அனுப்புவது. காசு கருவிக் கம்பெனிக்குப் போகவில்லை, சோதனைச் சாலைக்குப் போனது. அதனால்தான் சொல்கிறேன், வரைவு விதியின் தலைப்பைப் படித்துவிட்டு வாங்காதே. அது எந்த முறையில் அளக்கச் சொல்கிறது என்று பின்னிணைப்பில் இருக்கும். புரோக்கர் அதைப் படித்திருக்க மாட்டார்.

அப்படியானால் இதில் யாருமே சம்பாதிப்பதில்லையா என்று கேட்பாய். சம்பாதிக்கிறார்கள். வருஷப் பராமரிப்பு ஒப்பந்தம், வடிகட்டி, கருவி சரியாக அளக்கிறதா என்று ஒத்துப் பார்க்கிற காலிப்ரேஷன் வாயு சிலிண்டர், இதெல்லாம் விதி தளர்ந்தாலும் ஓடும், ஏனென்றால் மாட்டிய கருவியை யாரும் கழற்றுவதில்லை. நான் பார்த்த வரையில் அந்தப் பணம் பெரும்பாலும் இரண்டு வேனும் நாலு பையன்களும் வைத்திருக்கிற சின்ன சர்வீஸ்காரர்களுக்குப் போகிறது. அவர்களுக்கு ஷேர் கிடையாது. பட்டியலில் உள்ள ஒரு கம்பெனியில் சர்வீஸ் வருமானம் வருஷா வருஷம் சீராக ஏறுகிறது என்றால் மட்டும் எனக்குச் சொல், அதை உட்கார்ந்து படிக்கலாம்.

நீ பேர் சொன்ன அந்தக் கம்பெனியின் ஆண்டறிக்கையில் பிரிவுவாரி வருமானம் என்று ஒரு பக்கம் இருக்கும். அதை போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பு. காற்றுக் கண்காணிப்பு மொத்தத்தில் எத்தனை சதவீதம், ஆர்டர் புக்கில் அரசு டெண்டர் எவ்வளவு, வர வேண்டிய பாக்கி எத்தனை மாதமாக நிற்கிறது, இந்த மூன்றும் தெரியட்டும். அது வரை பணம் வங்கியிலேயே இருக்கட்டும். வட்டி குறைவுதான், ஆனால் வங்கி உனக்கு விலக்கு அறிவிப்பு அனுப்பாது.

தை மாதம் பேத்திக்குக் காது குத்து. தேதி முடிவானதும் எழுதுகிறேன். மங்கையையும் கூட்டிக்கொண்டு முதல் நாளே வந்துவிடு. வரும்போது அல்வா வேண்டாம், டாக்டர் கண்ணில் காட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். காரச்சேவு பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.

அன்புடன்,
கணேசன்