வைஃபை வாங்குமுன் நடந்து பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்லூரி வளாகம் முழுக்க வைஃபை, மருத்துவமனையில் மாடிக்கு மாடி வைஃபை என்று செய்தி வரும்போதெல்லாம் எத்தனை ஆக்சஸ் பாயிண்ட் (வைஃபை சிக்னல் தரும் பெட்டி), எவ்வளவு வேகம் என்பதோடு நின்றுவிடுகிறீர்கள். பேசிக்கொண்டே ஒரு ஆக்சஸ் பாயிண்டின் எல்லையைத் தாண்டி அடுத்ததன் எல்லைக்குள் நடக்கும்போது கால் கட் ஆகிறதா என்று யாரும் கேட்பதில்லை. நெட்வொர்க் பராமரிப்பில் இருக்கும் எங்களுக்கு அதிகம் வரும் புகாரே அதுதான்.

ஆக்சஸ் பாயிண்ட் வரும் அட்டைப்பெட்டியின் மேல், இந்த இடமாற்றத்துக்கு உதவும் 802.11கே (பக்கத்து ஆக்சஸ் பாயிண்டுகளின் பட்டியலைத் தருவது), வி (எங்கே மாறலாம் என்று போனுக்கு யோசனை சொல்வது), ஆர் (புதிய இடத்தில் சாவி பரிமாற்றத்தைச் சுருக்குவது) எல்லாம் உண்டு என்று அச்சடித்திருப்பார்கள். இருக்கட்டும். ஆனால் எப்போது இடம் மாறுவது என்று முடிவு செய்வது போன், நெட்வொர்க் அல்ல. சிக்னல் -70 டிபிஎம்முக்குக் (சிக்னல் பலத்தின் அளவு) கீழே இறங்கினால்தான் ஐபோன் வேறு ஆக்சஸ் பாயிண்டைத் தேடத் தொடங்கும் என்று ஆப்பிளே வெளியிட்டிருக்கிறது. ஆண்ட்ராய்டில் இது போனுக்குப் போன் மாறும். அதனால் விற்க வருபவர் தன் புது போனில் காட்டும் டெமோவை நம்பிப் பயனில்லை, அங்கே வேலை செய்பவர்கள் கையில் இருக்கும் பழைய போனையும் பார்கோடு ஸ்கேனரையும் வைத்துத்தான் பார்க்க வேண்டும். 802.11ஆர்-ஐ ஆன் செய்த மறுநிமிடம் நெட்வொர்க்கில் சேரவே மறுக்கும் பழைய சாதனங்களும் உண்டு.

இதைச் சோதிக்க ஒரு டெஸ்ட் பெட் (சோதனைக் களம்) போட நம் பொறியியல் கல்லூரிகளுக்குப் பெரிய செலவு ஆகாது. ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருள் ஏறக்கூடிய பழைய ரவுட்டர் இரண்டு போதும். இரண்டிலும் ஒரே வைஃபை பெயர், ஒரே மொபிலிட்டி டொமைன் எண் (இரண்டும் ஒரே குழு என்று காட்டுவது), ஆனால் ஒன்று சேனல் 1, மற்றொன்று 11. ஓபன்டபிள்யூஆர்டியில் வழக்கமாக வரும் சின்ன டபிள்யூபேட் (வைஃபை இணைப்பைக் கவனிக்கும் நிரல்) தொகுப்பில் ஆர் உண்டு, கே-யும் வி-யும் கிடையாது, முழுத் தொகுப்பைப் போட வேண்டும். இது தெரியாமல் பல பேர் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். மென்பொருளையும் புதுப்பித்துவிடுங்கள், 2017-இல் வெளியான கிராக் என்ற வைஃபை பாதுகாப்பு ஓட்டை இந்த ஆர் வசதியையும் விட்டுவைக்கவில்லை.

அப்புறம், வெறும் பாஸ்வேர்ட் வைத்து மட்டும் சோதித்துவிட்டு ஆர் போட்டும் வித்தியாசமே இல்லை என்று சொல்லக் கூடாது. பாஸ்வேர்ட் முறையில் சாவி பரிமாற்றம் நாலு செய்தியில் முடிந்துவிடுகிறது, நேரத்தைத் தின்பது பெரும்பாலும் அடுத்த ஆக்சஸ் பாயிண்ட் எந்தச் சேனலில் இருக்கிறது என்று போன் தேடும் தேடல்தான், அதற்கு உதவுவது கே. ஆர்-இன் பலன் தெரிய வேண்டுமானால் ஆளுக்கு ஒரு யூசர்நேம் கொடுக்கும் எண்டர்பிரைஸ் முறை வேண்டும். அதில் ஒவ்வொரு இடமாற்றத்துக்கும் யூசர்நேமைச் சரிபார்க்கும் ரேடியஸ் சர்வர் வரை போய்வர நேரலாம், ஆர் இருந்தால் அந்தப் பயணமே மிச்சம். அந்தச் சர்வருக்கான ஃப்ரீரேடியஸ் மென்பொருள் இலவசம், ஒரு பழைய கம்ப்யூட்டரில் ஓடும்.

இடமாற்றத்துக்கு ஆகும் நேரத்தை அளக்க, பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருள் போதும். ஆனால் ஒரு வைஃபை அடாப்டர் ஒரு நேரத்தில் ஒரு சேனலைத்தான் கேட்கும், எனவே இரண்டு அடாப்டர் வையுங்கள், இல்லையென்றால் போன் கிளம்பியது தெரியும், போய்ச் சேர்ந்தது தெரியாது. பழைய ஆக்சஸ் பாயிண்ட் வழியாகக் கடைசியாக வந்த டேட்டா பாக்கெட்டுக்கும் புதியதில் முதலில் வந்ததற்கும் உள்ள இடைவெளியே நமக்கு வேண்டிய எண். 50 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் பேசுகிறவருக்குத் தெரியாது, ஒரு செகண்ட் ஆனால் "ஹலோ, ஹலோ" என்பார்.

மாணவர்களை வராந்தாவில் நடக்கவிட்டும் பார்க்கலாம், ஆனால் ஒருவர் நடந்தது மாதிரி இன்னொருவர் நடக்க மாட்டார். ஒரு ரவுட்டரின் பவரை ஸ்கிரிப்ட் எழுதிப் படிப்படியாகக் குறைத்து, மற்றதை அதே வேகத்தில் ஏற்றினால், மேஜையில் கிடக்கும் போன் தான் நடப்பதாகவே நினைத்துக்கொள்ளும். ஒரு குறை உண்டு: போன் அனுப்பும் சிக்னல் இதில் பலவீனப்படுவதில்லை, உண்மையில் தூரம் போனால் இரண்டு பக்கமும் தேயும். அதனால் கடைசியில் ஒரு முறை நடந்தும் பாருங்கள். ரவுட்டரே இல்லாத கல்லூரியா, லினக்ஸில் மேக்80211_எச்டபிள்யூசிம் என்ற மாட்யூல் இருக்கிறது, ஒரே கம்ப்யூட்டருக்குள் பொய் ரேடியோக்களை உருவாக்கிச் செட்டிங்கையாவது பழகிக்கொள்ளலாம்.

வளாக வைஃபைக்கு டெண்டர் விடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எங்கள் சாதனங்களை வைத்து, எங்கள் கட்டடத்தில், நடந்துகொண்டே பேசும் சோதனையில் தேறினால்தான் கடைசித் தவணை என்று ஒரு வரி சேருங்கள். சோதிக்க வெளியாள் எதற்கு, இந்த டெஸ்ட் பெட்டில் பழகிய உங்கள் மாணவர்களே போதும்.

நெட்வொர்க் பராமரிப்பாளர் ஒருவர்,
கோவை.