'ஒரு கிழவர்' என்றால் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் பயணக் கட்டுரையில் 'அங்கே கதைகள் கேட்பாரற்றுக் கிடக்கின்றன, அள்ளி வந்தேன்' என்றொரு வரி. அள்ளி வர அது என்ன ஆற்று மணலா?

மூன்று பக்கத்தில் எழுத்தாளர் ஏறிய பேருந்து, நனைந்த மழை, தொலைத்த குடை எல்லாம் இருக்கின்றன. கதை சொன்னவர் மட்டும் 'ஒரு கிழவர்'. அவர் பேசியது 'உள்ளூர் மொழி'. இடையில் இருந்து மொழிபெயர்த்தவருக்கு 'நண்பர்' என்ற பட்டத்தோடு சரி.

இது பழைய வியாதி, தங்களுக்குத் தெரியாததல்ல. 1709இல் பாரிசில், சிரியாவின் அலெப்போ நகரத்துக்காரரான ஹன்னா தியாப், ஆயிரத்தொரு இரவுகளைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்த அந்துவான் கலானுக்குக் கதைகள் சொன்னார். அலாவுதீனும் அலிபாபாவும் அவற்றில் அடக்கம். கலான் தம் நாட்குறிப்பில் சொன்னவர் பெயரை எழுதி வைத்தார். அச்சில் வந்த ஆயிரத்தொரு இரவுகளில் அந்தப் பெயர் இல்லை. தியாப் தாமே எழுதிய பயண நினைவுகள் வத்திக்கான் நூலகத்தில் கிடப்பது 1993இல்தான் அடையாளம் காணப்பட்டது. நாட்குறிப்புக்கும் அச்சுக்கும் நடுவில்தான் பெயர் தொலைகிறது. அதாவது, மன்னிக்கவும், தங்களைப் போன்றோர் மேசையில்.

கதை கேட்பது வேலை ஐயா. ஒலிப்பதிவு செய்ய ஒப்புதல் வாங்க வேண்டும். அச்சிட இன்னொரு தரம் தனியாக வாங்க வேண்டும். முதல் முறை குறுக்கே பேசக்கூடாது. 'இதில் என்ன நீதி?' என்று நடுவில் கேட்டால், வந்தவருக்குப் பிடித்த நீதியைச் சமைத்துக் கொடுத்துவிடுவார்கள். சொல்பவர் பத்து நிமிடம் பேசி, மொழிபெயர்ப்பவர் இரண்டு வரி தந்தால் பாட்டும் வசவும் போய்விட்டன என்று பொருள். நினைவு ஆறுவதற்குள் மொழிபெயர்ப்பவரோடு உட்கார்ந்து, பதிவை வாக்கியம் வாக்கியமாக நிறுத்திக் கேட்க வேண்டும். பத்து நிமிடக் கதை ஒரு மணி நேரத்தைத் தின்னும். பருவமும் பார்க்க வேண்டும்: அமெரிக்கப் பழங்குடியினரான நவஹோ மக்கள், கொயோட்டி என்ற ஓநாய் இன விலங்கின் கதைகளைச் சொல்வது குளிர்காலத்தில்தான். கோடை விடுமுறையில் போய் நின்றவர் 'அள்ளி வந்தேன்' என்றால் எதை அள்ளினார் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

ஆங்கிலம் வழியாக வரும்போது தமிழுக்கென்றே ஒரு நஷ்டம் உண்டு. மலாய் மொழியில் 'கித்தா' என்றால் நாம், 'காமி' என்றால் நாங்கள். நம்மிடம் உள்ள அதே பிரிவுதான். நடுவில் ஆங்கிலத்தின் ஒற்றை 'வீ' புகுந்தால், கேட்பவரை வாசலில் நிறுத்திச் சொன்ன வரி தமிழில் 'நாம்' என்று கட்டிக்கொள்கிறது. தங்கள் இதழின் மொழிபெயர்ப்புத் தொடரில் ஆங்கில 'அங்கிள்' 'மாமா'வாக வந்ததே, அவர் தாய்மாமனா, சித்தப்பாவா? சொத்துச் சண்டைக் கதையில் அதுதானே கதை! அப்போதே எழுதினேன். பதில் இல்லை. 'பழங்குடிப் பெண்' என்று மட்டும் போட்ட அட்டைப்படத்துக்கும் எழுதினேன். 'இடப்பற்றாக்குறை' என்று ஒரு சொல் வந்தது.

இப்போது கேட்பது ஒரே ஒரு வரி. கட்டுரையின் அடியில், சொன்னவர் பெயர், ஊர், மொழி, கேட்ட தேதி, மொழிபெயர்த்தவர் பெயர். அவர்கள் வேண்டாம் என்றால் 'பெயர் வெளியிட விரும்பவில்லை' என்று போடுங்கள். இடம் இல்லையென்றால், கட்டுரையாளர் மலை உச்சியில் கைகட்டி நிற்கும் அந்தப் படத்தை ஒரு விரற்கடை சுருக்கலாம்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்