போடில் கியேருக்கு ஒரு பக்கம்

ஆசிரியருக்கு வணக்கம்.

டென்மார்க் சினிமா என்றால் இயக்குநர்களைப் பற்றியே எழுதுகிறீர்கள். நடிகை போடில் கியேரையும் எழுதுங்கள். ஓடென்ஸில் 1917-இல் பிறந்தவர். போர் முடிந்த கையோடு, 1947-இல் ‘சிப்பாயும் ஜென்னியும்’ படத்தில் ஜென்னியாக நடித்தார். மறு வருடமே கோபன்ஹேகன் விமர்சகர்கள் கொடுக்கத் தொடங்கிய விருதுக்கு, இவரையும் நடிகையும் இயக்குநருமான போடில் இப்சனையும் நினைத்து ‘போடில்’ என்றே பெயர். முதல் ஆண்டின் சிறந்த நடிகையும் இவர்தான். தன் பெயர் கொண்ட விருதைத் தானே வாங்குவது எத்தனை பேருக்குக் கிடைக்கும்!

அப்புறம் 1987-இல் ‘பாபெட்டின் விருந்து’. இளமையிலேயே இசைப் பயிற்சியை விட்டுவிட்ட ஃபிலிப்பாவின் முதுமையை இவர் நடித்தார். தொண்டை அறுவை சிகிச்சைக்குப் பிறகு நானும் பாடுவதை நிறுத்தியவள். கடைசியில் சமையற்காரி பாபெட்டை அவர் அணைத்துக்கொள்ளும் இடத்தில் அழுதுவிட்டேன். 2003-இல் மறைந்த அவருக்கு ஞாயிறு மலரில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

– ஓய்வுபெற்ற இசை ஆசிரியை